ஒளிக்கு ஒருவழிப் பாதை: கேள்வியும் பதிலும்

சென்ற இதழின் ‘ஒளிச் சிப்புகள்’ கட்டுரையில், லேசருக்குள் திரும்பி வரும் ஒளியைத் தடுக்க ஃபாரடே ஐசொலேட்டர் வேண்டும், அதற்கென்றே சிறப்புக் கண்ணாடிகள் இருக்கின்றன என்று ஒரே ஒரு பத்தியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தோம். வாசகர்கள் விடவில்லை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஆய்வகத்தில் கை வைப்பவர்களுக்கு உதவும்படி பதில் தந்திருக்கிறோம்.

சர்க்கரைக் கரைசலும் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புகிறதே, ஐசொலேட்டருக்கு அது போதாதா? காந்தமும் விலை உயர்ந்த கண்ணாடியும் எதற்கு?
(பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்)

போதாது. சர்க்கரைக் கரைசலில் திருப்பத்தின் பக்கம் ஒளி செல்லும் திசையைப் பொறுத்தது. ஒளியை எதிர்கொண்டு பார்ப்பவருக்கு, எந்தத் திசையிலிருந்து அனுப்பினாலும் அது ஒரே பக்கமாகவே திரும்பும். அதனால் கரைசலைக் கடந்து, ஆடியில் பட்டு, அதே வழியில் திரும்பும் ஒளிக்குப் போகும்போது கிடைத்த திருப்பம் வரும்போது கழிந்துவிடும். காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடி ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதே ஃபாரடே விளைவு. அதில் பக்கத்தைத் தீர்மானிப்பது காந்தப்புலம். ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் புலத்தின் திசை மாறுவதில்லை. போகும்போது 45°, வரும்போது அதே பக்கமாக இன்னும் 45°. 90° திரும்பி நிற்கும் ஒளியை, லேசர் பக்கமுள்ள முதல் போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) உள்ளே விடாது. ஐசொலேட்டரின் சூட்சுமம் இவ்வளவுதான்.

மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டது 1845 செப்டம்பரில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில். அவர் பயன்படுத்திய ஈய போரோசிலிக்கேட் கண்ணாடியை 1820-களில், நல்ல லென்ஸ் கண்ணாடி செய்யும் முயற்சியில் அவரே உருக்கி வைத்திருந்தார். லென்ஸ் உலகில் பெரிதாக எடுபடாத அந்தக் கண்ணாடிதான் ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் காட்டிக் கொடுத்தது.

வெர்டே மாறிலிக்கு ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொரு எண் இருக்கிறது. எந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு? எதை எதற்கு வாங்குவது?
(முதுகலை இயற்பியல் மாணவி, திருச்சி)

வெர்டே மாறிலி என்பது ஓரலகு காந்தப்புலத்தில் ஓரலகு நீளப் பொருள் தரும் திருப்பம். முதலில் அலகைப் பாருங்கள். பழைய நூல்கள் ‘ஆர்க் நிமிடம் / ஓர்ஸ்டெட் · சென்டிமீட்டர்’ என்று தரும். புதியவை ‘ரேடியன் / டெஸ்லா · மீட்டர்’ என்று தரும். பழைய எண்ணை 290.9-ஆல் பெருக்கினால் புதியது. அடுத்து அலைநீளம். 633 நானோமீட்டருக்கான எண்ணை 1064-க்கோ 1550-க்கோ அப்படியே எடுத்துப் போடக் கூடாது. அலைநீளம் கூடக் கூட மாறிலி ஏறத்தாழ அதன் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் விழும். மூன்றாவது குறி. ஈயக் கண்ணாடிக்கு மிகை, டெர்பியம் கண்ணாடிக்குக் குறை. சில விற்பனைத் தாள்கள் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் அச்சிடுகின்றன.

633 நானோமீட்டரில் புதிய அலகில் தோராய மதிப்புகள்: தூய சிலிக்கா 3.7, எஸ்.எஃப். 57 என்ற அடர் ஈயக் கண்ணாடி 20. டெர்பியம் செறிந்த போரோசிலிக்கேட் கண்ணாடி 70. டெர்பியம் காலியம் கார்னெட் படிகம், அதாவது டி.ஜி.ஜி., 134. 1064 நானோமீட்டரில் கடைசி இரண்டும் 20, 40 என்று இறங்கிவிடும்.

இந்த வரிசையை மட்டும் பார்த்து ‘பெரிய எண்ணே நல்லது’ என்று முடிவு செய்வது இந்தத் துறைக்கு வருபவர்கள் செய்யும் முதல் பிழை. சிலிக்காவும் ஈயக் கண்ணாடியும் டயாகாந்த வகை. அவற்றின் திருப்பம் வெப்பநிலைக்கு அசைந்து கொடுக்காது. சிலிக்காவில் ஒரு டிகிரிக்கு 0.007 சதவீத மாற்றம்தான். டெர்பியம் பாராகாந்த வகை. மாறிலி தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் போகும். அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு 0.33 சதவீதம். அதனால் அளவுமானி செய்பவர் ஈயக் கண்ணாடி பக்கம் போவார். குறைந்த நீளத்தில் 45° வேண்டும் என்பவர் டெர்பியம் பக்கம் போவார்.

டெர்பியமே ஏன் என்றால், அருமண் (ரேர் எர்த்) அயனிகளில் திருப்பமும் அதிகம், 500 முதல் 1400 நானோமீட்டர் வரை பெரிய உட்கவர் பட்டைகளும் இல்லை. டிஸ்ப்ரோசியத்துக்கு அகச்சிவப்பில் வரிசையாகப் பட்டைகள். பிரசியோடிமியம் நீலத்தையும் ஆரஞ்சையும் விழுங்கும். சீரியத்தை மூன்று இணைதிற நிலையில் பிடித்து வைப்பதே பெரும்பாடு.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அடர் ஃபிளின்ட் (ஈயக்) கண்ணாடித் தண்டின் வெர்டே மாறிலியை அளக்கிறோம். அனலைசரை (தண்டுக்குப் பின்னுள்ள போலரைசரை) ஒளி அணையும் நிலையில் வைத்து, மின்னோட்டம் விட்டதும் கூடும் வெளிச்சத்தை அளப்பது எங்கள் முறை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விடை வருகிறது.
(இயற்பியல் விரிவுரையாளர், மதுரை)

அணையும் நிலையில் வைத்ததுதான் கோளாறின் தொடக்கம். அங்கே வெளிச்சம் திருப்பக் கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எஸ்.எஃப். 57 போன்ற கண்ணாடியில் 100 மில்லிமீட்டர் தண்டு, 10 மில்லிடெஸ்லா புலம் என்றால் திருப்பம் 0.02 ரேடியன், அதாவது 1.15°. அதன் வர்க்கம் 0.0004. போலரைசரின் கசிவும் அறை வெளிச்சமும் அதைவிடப் பெரிதாக இருக்கும். அனலைசரை 45°-இல் வையுங்கள். அங்கே சார்பு மாற்றம் கோணத்தின் இருமடங்கு, 0.04, அதாவது 4 சதவீதம். சாதாரண போட்டோடையோடும் மல்டிமீட்டரும் இதை எளிதாகக் காட்டும்.

கம்பிச்சுருளுக்கு ஒரு கணக்கு. 150 மில்லிமீட்டர் நீளக் குழாயில் 0.8 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை ஏழு அடுக்காகச் சுற்றினால் சுமார் 1200 சுற்று, மீட்டருக்கு 8000. ஒரு ஆம்பியருக்கு 10 மில்லிடெஸ்லா என்று பாடநூல் சூத்திரம் சொல்லும். அந்தச் சூத்திரம் முடிவில்லா நீளச் சுருளுக்கானது. சுருளின் சராசரி ஆரம் 20 மில்லிமீட்டர் என்றால் மையத்திலேயே 3 சதவீதம் குறையும். 100 மில்லிமீட்டர் தண்டின் முனைகளில் 12 சதவீதம் குறையும். காந்தப்புலம் அளக்கும் ஹால் முனையால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு முறை அளந்து சராசரி எடுங்கள். மையத்து மதிப்பைத் தண்டின் நீளத்தால் பெருக்குவது, குழுவுக்குக் குழு விடை மாறுவதற்கு ஒரு காரணம்.

செய்முறை வரிசை:

1. லேசரை அரை மணி நேரம் எரியவிடுங்கள். லேசர் பாயின்டரின் தளவிளைவு (ஒளியின் அதிர்வுத் தளம்) சூட்டோடு அலையும். தளவிளைவு நிலையாக இல்லாத ஹீலியம்-நியான் குழாயிலும் இதே தொல்லை. முதல் போலரைசர் இந்த அலைச்சலை வெளிச்ச ஏற்ற இறக்கமாக மாற்றிவிடும்.

2. தண்டை ஓரிரு டிகிரி சாய்த்து வையுங்கள். எஸ்.எஃப். 57-இன் ஒளிவிலகல் எண் 1.85, ஒவ்வொரு முகமும் கிட்டத்தட்ட 9 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். உள்ளேயே முன்னும் பின்னும் ஓடிவிட்டு வெளிவரும் கதிர் மூன்று மடங்கு திரும்பியிருக்கும்; அது முதன்மைக் கதிரோடு கலக்கக் கூடாது.

3. தண்டு இல்லாமல் ஒரு முறை மின்னோட்டம் விட்டுப் பாருங்கள். அப்போதும் அளவி அசைந்தால், அது போட்டோடையோடு கம்பி சுருளிலிருந்து வாங்கும் தூண்டல். கம்பிகளை முறுக்கி, அளவியைத் தள்ளி வைத்த பிறகே அடுத்த வேலை.

4. மின்னோட்டத்தை நேர், எதிர் என்று மாற்றி இரண்டு அளவீடு எடுத்து வித்தியாசத்தைப் பயன்படுத்துங்கள். காந்தத்தைச் சாராத பிழைகள் கழிந்துவிடும். லேசரை மறைத்து எடுத்த இருட்டு அளவை எல்லாவற்றிலிருந்தும் கழிக்க மறக்காதீர்கள்.

5. லாக்-இன் பெருக்கி (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டும் பிரித்தளக்கும் கருவி) இருந்தால் மாறுமின்னோட்டம் பயன்படுத்துங்கள். அதிர்வெண் மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸுக்கோ அதன் மடங்குக்கோ அருகில் வேண்டாம். லாக்-இன் காட்டுவது ஆர்.எம்.எஸ். மதிப்பு. புலத்தை உச்ச மதிப்பாகவும் சைகையை ஆர்.எம்.எஸ். ஆகவும் எடுத்தால் விடை 1.41 மடங்கு பிசகும். ஒரு குழுவின் விடை 20, இன்னொன்றின் விடை 14 என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டெர்பியம் கண்ணாடியை அளப்பதாக இருந்தால் இன்னொன்று சேரும். சுருள் சூடாகி, தண்டும் 3 டிகிரி சூடானால் விடை 1 சதவீதம் குறையும். சுருளை விட்டு விட்டு இயக்குங்கள்.

டெர்பியம் போரோசிலிக்கேட் கண்ணாடியை உருக்கினோம். ஒரு முறை பழுப்பு நிறம், அடுத்த முறை பால் போல் கலங்கல். எங்கே தவறு?
(கண்ணாடி ஆய்வு மாணவர், கோவை)

இரண்டும் வேறு வேறு நோய்.

பழுப்பு நிறம் வேதியியல் பிரச்சினை. கடையில் கிடைக்கும் டெர்பியம் ஆக்சைடு பெரும்பாலும் அடர் பழுப்புத் தூள். அதில் டெர்பியத்தின் பாதி நான்கு இணைதிற நிலையில் இருக்கிறது. காற்றில் உருக்கினால் அதில் ஒரு பகுதி கண்ணாடியில் தங்கி நீலத்தையும் பச்சையையும் விழுங்கும். நமக்கு வேண்டியது மூன்று இணைதிற அயனி மட்டும். உருகலைச் சுற்றி ஒடுக்கும் சூழல் வேண்டும். அலுமினா மூசையை அதைவிடப் பெரிய மூசைக்குள் வைத்து, இடைவெளியில் கரித்தூள் நிரப்பி மூடுவது பழகிய வழி. இதைப் பிளாட்டினம் மூசையில் செய்யாதீர்கள். ஒடுக்கும் சூழலில் பிரியும் சிலிக்கானும், ஒடுக்கத்துக்காகச் சேர்க்கும் ஆன்டிமனியும் பிளாட்டினத்தோடு கலந்து மூசையை ஓட்டையாக்கும். அலுமினா மூசையும் கொஞ்சம் கரையும். கண்ணாடியில் அலுமினா கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

கலங்கல் பெரும்பாலும் படிகமாதல் அல்லது நிலைமைப் பிரிவு (உருகல் இரண்டு வேறு கலவைகளாகப் பிரிவது). டெர்பியத்தை ஏற்றிக்கொண்டே போனால் வலையமைப்பு தாங்காது. மோல் கணக்கு சிறியதாகத் தெரிவது பலரை ஏமாற்றுகிறது. டெர்பியம் ஆக்சைடு 25, போரிக் ஆக்சைடு 30, சிலிக்கா 30, அலுமினா 15 மோல் சதவீதம் என்று ஒரு கலவையை எடுத்துக்கொள்வோம். எடையில் டெர்பியம் ஆக்சைடு மட்டுமே 63 சதவீதத்தைத் தொடும். 100 கிராம் கண்ணாடிக்கு எடுக்க வேண்டியவை: பழுப்பு டெர்பியம் ஆக்சைடு 64.2 கிராம், போரிக் அமிலம் 25.5 கிராம், சிலிக்கா 12.4 கிராம், அலுமினா 10.5 கிராம். பழுப்புத் தூளில் ஆக்சிஜன் கூடுதல் என்பதால் 1.022 மடங்கு, போரிக் அமிலத்தில் நீர் இருப்பதால் 1.776 மடங்கு. இந்த இரண்டு திருத்தங்களை விட்டுவிட்டுத் தூள்களை நேரடியாக எடை போடுகிறவர்கள் போரான் குறைந்த கண்ணாடியை உருக்குகிறார்கள். கலங்கலுக்கு அது ஒரு நல்ல காரணம்.

போரிக் அமிலக் கலவையை நேரே 1400 டிகிரி உலைக்குள் தள்ளாதீர்கள். 170 டிகிரியிலிருந்தே நீர் பிரிந்து நுரைக்கும். வழிந்து ஓடினால் விகிதம் போயிற்று. 200 டிகிரியில் ஒரு மணி நேரம், 400-இல் ஒரு மணி நேரம் நிறுத்தி ஏற்றுங்கள். 1400 முதல் 1500 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், மூடியோடு. இடையே அலுமினா தண்டால் கலக்க வேண்டும். டெர்பியம் கனமானது, கலக்காவிட்டால் அடியில் தங்கிக் கண்ணாடியில் வரி வரியாகத் தெரியும். மூசையை உருக்கும் முன்பும் பின்பும் எடை போட்டால், கணக்கிட்ட நீர் இழப்பும் பழுப்புத் தூளின் ஆக்சிஜன் இழப்பும் போக எவ்வளவு போரான் ஆவியாகிப் போனது என்று தெரியும். அடுத்த உருக்கலில் அதைச் சேர்த்துக் கொள்ளலாம். முன்சூடாக்கிய அச்சில் தயங்காமல் ஊற்றுங்கள். படிகம் வளரும் வெப்பநிலையில் மெதுவாக ஊற்றி நேரம் கொடுத்தால் நல்ல கலவையும் கலங்கும்.

பதப்படுத்தலில் கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணாடி மாறுநிலைக்கு (இறுகிய கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) அருகில் சில மணி நேரம் வைத்து, பிறகு நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் இறக்குங்கள். குறுக்கு போலரைசர்களுக்கு நடுவே வைத்துப் பார்த்து வெளிச்சம் தெரிந்தால், உள்ளே தகைவு இருக்கிறது; திரும்பவும் உலைக்குள் போக வேண்டும். எஞ்சிய தகைவு உண்டாக்கும் இரட்டை ஒளிவிலகல் (அதிர்வுத் தளத்துக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறுவது), நீங்கள் தேடும் திருப்பத்தையே மறைத்துவிடும்.

மணவாளக்குறிச்சி மணலில் அருமண் இருக்கிறதே. டெர்பியத்துக்கு ஏன் வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டும்?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், தக்கலை)

அந்த மணலில் உள்ள மோனசைட்டில் அருமண் உண்டு என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய இலகு வகை. டெர்பியம் கன வகை. மோனசைட்டில் மிகச் சொற்பம். உலகின் கன அருமண்களில் பெரும்பகுதி தென் சீனத்தின் களிமண் படிவுகளிலிருந்து வந்து பழகியது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண்களில் டெர்பியம், கடோலினியம், இட்ரியம் மூன்றும் உண்டு. காந்த ஒளியியல் கண்ணாடிக்கும் கார்னெட்டுக்கும் வேண்டியவை அவைதான். ஆய்வகங்கள் உடைந்த டெர்பியம் கண்ணாடித் துண்டுகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்பது நல்லது. பொடித்து அடுத்த உருக்கலில் போடலாம்.

1064 நானோமீட்டர் லேசருக்கு நாங்களே ஐசொலேட்டர் செய்தோம். வலுவான நியோடிமியம் வளையக் காந்தம், அதன் துளையில் டெர்பியம் கண்ணாடித் தண்டு. காந்தத்தைவிடத் தண்டு நீளம். திருப்பம் கணக்கில் பாதிகூட வரவில்லை.
(லேசர் கருவிப் பொறியாளர், பெங்களூரு)

தண்டு காந்தத்தைவிட நீளம் என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். அச்சுவாக்கில் காந்தமேற்றிய வளையத்தின் துளைக்குள் புலம் ஒரு திசையில் இருக்கும். முகப்பைத் தாண்டியதும் எதிர்த் திசைக்கு மாறும். அச்சு நெடுகிலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கூட்டினால் மொத்தம் பூச்சியம். ஆம்பியர் விதி அப்படி. எவ்வளவு வலுவான காந்தம் வாங்கினாலும் இதை மாற்ற முடியாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி, உள்ளே கிடைத்த திருப்பத்தைக் கழிக்கிறது.

தண்டு முழுவதும் ஒரே குறியுள்ள பகுதிக்குள் அடங்க வேண்டும். ஒற்றை வளையத்துக்குப் பதில், நடுவில் அச்சுவாக்கு வளையம், இரு புறமும் ஆர வாக்கில் எதிரெதிராகக் காந்தமேற்றிய வளையங்கள் என்று அடுக்கினால் நடுப்பகுதியில் ஒரு டெஸ்லாவை எட்டலாம். அந்தப் புலத்தில் 45°-க்கு டெர்பியம் கண்ணாடி 39 மில்லிமீட்டர் வேண்டும், டி.ஜி.ஜி. என்றால் 20 மில்லிமீட்டர். அடுக்கும்போது வளையங்கள் ஒன்றையொன்று தள்ளும், விரல் நசுங்கும். திருகுக் கம்பியும் அலுமினிய உறையும் இல்லாமல் வெறும் கையால் முயல வேண்டாம்.

தடுப்புத் திறனைக் கோணப் பிழை தீர்மானிக்கும். 1° பிசகினால் 35 டெசிபல், 2° பிசகினால் 29, 3° என்றால் 26-க்கும் கீழ். வெப்பம் 10 டிகிரி கூடினால் டெர்பியத்தின் பங்கு 3.3 சதவீதம், நியோடிமியம் காந்தம் வலுவிழப்பதன் பங்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டும் ஒரே பக்கம் இழுத்து 45°-இல் 2°-ஐத் தின்றுவிடும். மே மாதத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் ‘30 டெசிபல்’ கருவி ஏன் 30 காட்டவில்லை என்பதற்கு இதுவே பதில். இரண்டாம் போலரைசரைச் சுழற்றக்கூடிய பிடியில் வைத்தால், வேலை செய்யும் வெப்பநிலையில் திருத்திக் கொள்ளலாம்.

சராசரித் திறன் பல வாட் என்றால் கண்ணாடியை விட்டு டி.ஜி.ஜி.க்குப் போங்கள். அதன் வெப்பக் கடத்துதிறன் கண்ணாடியைப் போல் பல மடங்கு. கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி லென்ஸ் போல் வளைக்கத் தொடங்கிவிடும்.

இதே கண்ணாடியில் அலைவழி (ஒளியை வழிநடத்தும் நுண்பாதை) பொறித்து, சிப் அளவில் ஐசொலேட்டர் செய்ய முடியாதா? மென்பொருளில் திருப்பம் வருகிறது, செய்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.
(மின்னணுவியல் ஆய்வு மாணவி, சென்னை)

இந்தத் துறையின் மையமான சிக்கலே இதுதான். தடித்த தண்டில் கிடைமட்ட, செங்குத்து அதிர்வுகள் இரண்டும் ஒரே வேகத்தில் போகும். அலைவழியில் அப்படியில்லை. குறுக்குவெட்டு வட்டமாக இல்லாவிட்டாலும், ஒரு பக்கம் கண்ணாடி மறுபக்கம் காற்று என்று இருந்தாலும், பொறிக்கும்போது தகைவு சேர்ந்தாலும் டி.இ., டி.எம். முறைமைகளின் (கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதிரும் இரு ஒளி வடிவங்களின்) பயன்படு ஒளிவிலகல் எண்கள் பிரிந்துவிடும். ஃபாரடே விளைவு ஆற்றலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தத் தொடங்கும். அதற்குள் இரண்டும் கட்டம் பிசகி, நகர்ந்த ஆற்றல் திரும்பி வந்துவிடும்.

எண்ணில் பாருங்கள். 1550 நானோமீட்டர், ஒரு டெஸ்லா, டெர்பியம் கண்ணாடி: மீட்டருக்குச் சுமார் 10 ரேடியன் திருப்பம். இரண்டு முறைமைகளின் எண் வேறுபாடு 0.001 என்று வைத்துக்கொண்டால், கட்டப் பிசகில் பாதி மீட்டருக்கு 2027 ரேடியன். மாறக்கூடிய அதிகபட்ச ஆற்றல் (10/2027)-இன் வர்க்கம், லட்சத்தில் 2.4 பங்கு. அளவியில் தெரியாததில் வியப்பில்லை. அதே வேறுபாட்டை 0.000001-க்கு இறக்கினால் 96 சதவீதம் மாறும். வெர்டே மாறிலியை இருமடங்காக்க ஆண்டுக்கணக்கில் உழைப்பதைவிட, இரட்டை ஒளிவிலகலை ஒரு பூச்சியம் குறைப்பது பலமடங்கு பலன் தரும். மென்பொருளில் இரண்டு முறைமைகளுக்கும் ஒரே எண் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

குறைப்பது எப்படி? அயனி மாற்றம் (கண்ணாடியின் சோடியத்துக்குப் பதில் வேறு அயனியைப் புகுத்தி அலைவழி உண்டாக்குவது) செய்பவர்கள் பொட்டாசியத்தைத் தவிர்க்கலாம். சோடியத்தைவிடப் பெரிய அயனி உள்ளே திணிந்து அழுத்தத் தகைவை உண்டாக்கும். வெள்ளி அயனி அந்த அளவு தகைவு தராது; ஒளிவிலகல் எண்ணையும் அதிகம் ஏற்றும். சோடியம் நைட்ரேட்டில் சிறிதளவு வெள்ளி நைட்ரேட் கலந்த உருகலில், 308 டிகிரிக்கு மேல் செய்ய வேண்டும். அதற்குக் கீழே சோடியம் நைட்ரேட் உருகாது. கண்ணாடியில் சோடியம் இருந்தால்தான் மாற்றமே நடக்கும். முந்தைய கேள்வியின் கலவையில் சோடியமே இல்லை, அதை அப்படியே எடுக்க முடியாது. கண்ணாடியில் எஞ்சிய ஒடுக்கும் பொருள் இருந்தால் வெள்ளி உலோகத் துகளாகி மஞ்சள் படியும், இழப்பு ஏறும். டெர்பியத்தை மூன்று இணைதிற நிலையில் வைக்கப் போட்ட ஆன்டிமனி இங்கே எதிரியாகும். பிறகு மின்புலம் கொடுத்து அலைவழியைப் பரப்புக்குக் கீழே புதைத்தால் குறுக்குவெட்டு வட்டத்தை நெருங்கும்.

ஃபெம்டோ செகண்ட் லேசரால் டெர்பியம் கண்ணாடிக்குள்ளேயே அலைவழி எழுதுவது இன்னொரு வழி. அங்கும் போட்டி இதேதான்: எழுதும்போது சேரும் தகைவு இரட்டை ஒளிவிலகலைக் கொண்டுவருகிறது. ஒரே கோட்டைப் பலமுறை எழுதுவது, துடிப்பு ஆற்றலைக் குறைப்பது, எழுதிய பின் பதப்படுத்துவது எல்லாமே அதை அடக்கத்தான்.

இன்னொரு பொறி: 45°-க்கு 8 சென்டிமீட்டர் வேண்டுமே, சிப்பில் மடித்து மடித்துப் போடலாம் என்று தோன்றும். ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளி போல் அல்லாமல், வளைவில் அதிர்வுத் தளமும் அலைவழியோடு சேர்ந்து திரும்பும்; அதனால் சீரான புலத்தில் மடித்தால், போகும் பாதையின் திருப்பத்தை வரும் பாதை கழித்துவிடும். மடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு திசைப் பாதைகளை மட்டும் காந்த ஒளியியல் பொருளில் வைக்க வேண்டும், அல்லது புலத்தை மாற்றி மாற்றி அமைக்க வேண்டும்.

1550-இல் டெர்பியத்துக்கு இன்னொரு குறையும் உண்டு; 1.5 மைக்ரானைத் தாண்டும்போது அதன் அகச்சிவப்பு உட்கவர்தல் ஏறத் தொடங்குகிறது. எங்கள் கருத்து: டெர்பியம் கண்ணாடி அலைவழி முயற்சியை 1064-க்குக் கீழே செய்யுங்கள்.

அப்படியானால் 1550-க்கு, சிலிக்கான் சிப்பில் யார் என்ன செய்கிறார்கள்?
(அதே மாணவி)

திருப்பத்தையே கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். காந்தப்புலத்தை ஒளிக்குக் குறுக்காக வைத்தால் தளம் திரும்பாது. போகும் ஒளிக்கும் வரும் ஒளிக்கும் கட்ட வேகம் வேறுபடும். ஒளியை இரு பாதையாகப் பிரித்துச் சேர்க்கும் மாக்-செண்டர் குறுக்கீட்டிலோ வளைய ஒத்ததிர்வியிலோ அந்த வேறுபாட்டை வைத்து ஒரு திசையை அடைக்கலாம். இரண்டு முறைமைகளும் ஒத்துப்போக வேண்டிய தலைவலி இல்லை. ஆனால் அலைவழியின் மேலும் கீழும் ஒரே மாதிரி பொருள் இருந்தால் விளைவு கழிந்துவிடும். காந்தப் பொருள் ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.

பொருள், சீரியம் சேர்த்த இட்ரியம் இரும்பு கார்னெட். 1550-இல் சென்டிமீட்டருக்கு 4000 டிகிரிக்கு மேல் திருப்பும் திறன். கண்ணாடியின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது. டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் மிசுமோட்டோ குழு படிகத்தைச் சிலிக்கான் மேல் ஒட்டியது, எம்.ஐ.டி.யில் ராஸ் குழு 2011-இல் படலமாகப் படியவைத்து வளைய ஐசொலேட்டரைக் காட்டியது. சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. கார்னெட் படிகமாகச் சுமார் 800 டிகிரி வேண்டும். சிலிக்கானைவிடக் கார்னெட் ஏறத்தாழ நான்கு மடங்கு விரியும். ஆறும்போது படலம் வெடிக்கும். மின்சுற்று ஏற்கெனவே இருக்கும் சிப் அந்தச் சூட்டைத் தாங்காது.

இங்கேதான் கண்ணாடி வேறு வேடத்தில் திரும்புகிறது. பிரான்ஸின் சேன்ட் எத்தியென் ஆய்வகத்தில் கோபால்ட் ஃபெரைட் நானோ துகள்களைச் சிலிக்கா-சிர்கோனியா சோல்-ஜெல்லில் (கண்ணாடிப் படலமாக இறுகும் கரைசலில்) கலந்து, அயனி மாற்ற அலைவழிகள் மேல் பூசுகிறார்கள். கார்னெட் கேட்கும் சூடு வேண்டாம். ஆனால் துகள்கள் ஒளியை விழுங்கும். துகள் கூடினால் திருப்பமும் கூடும், இழப்பும் கூடும். அதனால் எந்தக் காந்த ஒளியியல் பொருளையும் திருப்பத்தை இழப்பால் வகுத்து, ஒரு டெசிபலுக்கு எத்தனை டிகிரி என்று ஒப்பிடுங்கள்.

காந்தமே இல்லாமல், வடிவமைப்பாலேயே ஒருவழி ஆக்கிய ஐசொலேட்டர் பற்றிப் படித்தேன். உண்மையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

நேரத்தோடு மாறாத, நேரியல் பொருளில், காந்தம் இல்லாமல் வெறும் வடிவத்தால் முடியாது. ஒரு முறைமையை மட்டும் அனுப்பி ‘இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகவில்லை’ என்று காட்டுவது ஐசொலேட்டர் ஆகாது. திரும்பும் ஒளி வேறொரு முறைமையில் நுழைந்துவிடும். இப்படிப்பட்ட அறிவிப்புகள் பெருகியதால்தான் 2013-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் இத்துறையினர் பலர் சேர்ந்து, எது ஐசொலேட்டர், எது இல்லை என்று விளக்கி எழுதினார்கள். ஒளிவிலகல் எண்ணை நேரத்தோடு மாற்றும் பண்பேற்றிகளால் முடியும். அதற்கு மின்சாரம் செலவாகும்.

துணைமின் நிலையத்தில் மின்னோட்டம் அளக்க ஃபாரடே விளைவைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். ஃபைபரா, கண்ணாடிக் கட்டியா?
(மின்வாரியப் பொறியாளர், ஈரோடு)

இரண்டும் புழக்கத்தில் உண்டு. ஒளி கம்பியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் போதும். பக்கத்துக் கம்பியின் புலம் கணக்கில் வராது, கம்பி நடுவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிலிக்கா ஃபைபரில் 1310 நானோமீட்டரில் ஒரு சுற்றுக்கு ஒரு ஆம்பியருக்கு 1 மைக்ரோரேடியன். 1000 ஆம்பியரைப் பத்துச் சுற்றில் அளந்தால் 10 மில்லிரேடியன், 0.57°. நுனியில் ஆடி வைத்தால் இருமடங்கு. ஃபைபரை வளைக்கும்போது சேரும் இரட்டை ஒளிவிலகல்தான் பகை.

கட்டி என்றால் எஸ்.எஃப். 57. அதன் தகைவு-ஒளி எண் (தகைவு எந்த அளவு இரட்டை ஒளிவிலகலைச் சேர்க்கும் என்பதன் அளவு) 0.02, சாதாரண பி.கே. 7 கண்ணாடிக்கு 2.77. இறுக்கிப் பிடித்தாலும், வெயிலில் விரிந்தாலும் அளவு பிசகாது. மூலைகளில் ஒளியை ஒரே எதிரொளிப்பில் 90° திருப்பாதீர்கள். முழு அக எதிரொளிப்பு இரு அதிர்வுகளுக்கும் வேறு வேறு கட்டம் கொடுக்கும். மூலைக்கு இரண்டு எதிரொளிப்பு, இரண்டாவது முதலாவதின் கட்டத்தைக் கழிக்கும்படி வெட்ட வேண்டும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யுங்கள். எடையில் பெரும்பங்கு ஈய ஆக்சைடு, தூளைச் சுவாசிக்கக் கூடாது.

டெர்பியம் கண்ணாடித் தண்டு என்று ஒன்றை வாங்கினோம். உண்மையில் அதுதானா என்று எளிதாகப் பார்க்க முடியுமா?
(கருவி பழுதுபார்ப்பவர், சேலம்)

புற ஊதா டார்ச் அடியுங்கள். டெர்பியம் இருந்தால் பச்சையாக ஒளிரும். 545 நானோமீட்டர் அருகில் உள்ள வரி அது. ஒளிரவில்லை என்றால் அனேகமாக ஈயக் கண்ணாடி. ஒளிர்ந்தால் அது கண்ணாடியா, டி.ஜி.ஜி. படிகமா என்பது அடுத்த கேள்வி. குறுக்கு போலரைசர் இங்கே உதவாது, டி.ஜி.ஜி. கனசதுரப் படிகம், கண்ணாடியைப் போலவே இருட்டாகத் தெரியும். எடை போட்டு அடர்த்தி பாருங்கள். கன சென்டிமீட்டருக்கு 7.1 கிராம் என்றால் டி.ஜி.ஜி.; 4, 5 கிராம் பக்கம் என்றால் கண்ணாடி. எதுவானாலும் 488 நானோமீட்டர் ஆர்கான் லேசருக்குப் பயன்படுத்தாதீர்கள். டெர்பியம் சரியாக அங்கேதான் உட்கவரும்.